ஆண்டிலோப் தீவு: மே கடைசியில் மாமனார் மாமியாரோடு போகலாமா?

பயணப்பெட்டி | 18 ஏப்ரல் 2023

மே கடைசி வாரம் டாலஸிலிருந்து சால்ட் லேக் சிட்டி வருகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாரும் கூட வருகிறார்கள், ஏழு வயது மகள் வேறு. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போகும் வழியில் ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. யூட்டா மாநிலத்தில், கிரேட் சால்ட் லேக் என்ற உப்பு ஏரியில் இருக்கும் ஆண்டிலோப் தீவு ஸ்டேட் பார்க் போகலாம் என்கிறேன் நான். "ஏரி வற்றிப்போச்சாம், நாற்றம் தாங்காதாம், பூச்சி பிடுங்குமாம். பைசன் என்ற காட்டெருமையைத்தான் யெல்லோஸ்டோனில் பார்க்கப் போகிறோமே" என்கிறார் மனைவி. அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள். ஏரியில் மிதக்க முடியுமா?

உப்பளத்தான் | 18 ஏப்ரல், இரவு

வீட்டம்மா சொன்ன முதல் மூன்றும் உண்மை. நாலாவது உண்மையில்லை. போங்கள்.

வற்றியது: போன நவம்பரில் ஏரியின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 4188 அடி என்ற அளவுக்கு இறங்கியது. ஆவணத்தில் இருப்பதிலேயே அதுதான் ஆகக் குறைவு. இந்தக் குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்த்துவிட்டதால் அதிலிருந்து ஏறத்தாழ மூன்றடி ஏறியிருக்கிறது. மலைமேல் இருக்கும் பனியில் பெரும்பகுதி இன்னும் உருகவில்லை. நீங்கள் வரும்போது இன்னும் தண்ணீர் இருக்கும்.

நாற்றம்: சிரக்யூஸ் ஊரைத் தாண்டித் தீவுக்குப் போகும் ஏழு மைல் கரைச்சாலையில்தான் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். சாலைக்குத் தெற்கே இருப்பது ஃபார்மிங்டன் விரிகுடா. ஆழமில்லை, உப்பும் குறைவு, நகரங்களின் சுத்திகரித்த கழிவுநீர் அங்கேதான் வந்து சேர்கிறது. பாசி மண்டி அழுகும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுங்கள். தீவில் ஏறியதும் பெரும்பாலும் போய்விடும்.

பைசன்: யெல்லோஸ்டோனில் பைசன் பார்ப்பது என்றால் பாதி நேரம் முன்னால் நிற்கும் காரைப் பார்ப்பதுதான். இங்கே வார நாளில் சாலையோரம் ஒற்றைக் கிடா புழுதியில் புரண்டுகொண்டிருக்கும், பார்க்க நீங்கள் மட்டும் இருப்பீர்கள்.

பூச்சி விஷயம் நாளைக்கு எழுதுகிறேன். அது தனிக் கதை.

உப்பளத்தான் | 19 ஏப்ரல் 2023

பூச்சி இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாக்கித்தான் இணையத்தில் ஆளாளுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, தண்ணீர் விளிம்பில் கறுப்புப் பட்டையாக அப்பிக் கிடக்கும் ஈ. உப்புத் தண்ணீரில் பாசியைத் தின்று வளர்வது. கோடிக்கணக்கில் இருக்கும், ஆனால் கடிக்காது. நீங்கள் நடந்தால் கால் வைக்கும் இடத்தில் விலகி எழுந்து பின்னால் போய் உட்காரும். கடற்காகங்கள் வாயைத் திறந்துகொண்டு அந்தக் கூட்டத்துக்குள் ஓடுகிற வேடிக்கையை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். போன வருடம் உப்பு ஏறியதில் இந்த ஈக்கள் வெகுவாகக் குறைந்துபோயின. ஈ இல்லையே என்று நல்லவேளை சொல்ல முடியாது. பறவைகளுக்கு அதுதான் சோறு.

இரண்டாவது, கடிக்கிற பொடிப்பூச்சி. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஏப்ரலில் ஆரம்பித்து ஜூன் நடுவரை இருக்கும், வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிக் காயும்போது ஒழியும். மயிர்க்கால் ஓரம், காது மடல், கழுத்து, இங்கெல்லாம்தான் அதற்கு வேலை. கடித்த இடம் நாள் கணக்கில் அரிக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மே கடைசி அதன் திருவிழாக் காலம்.

தலையில் போட்டுக்கொள்ளும் வலை வாங்குங்கள், எல்லோருக்கும். வெனிலா எசன்ஸ் தடவச் சொல்பவர்கள் உண்டு. நான் தடவிப் பார்த்தேன், பாயசம் வாசத்தோடு கடி வாங்கினேன்.

தேதி மாற்ற முடிந்தால் செப்டம்பர், அக்டோபர். முடியாதென்றால் காற்று வீசும் நாளாகப் பாருங்கள். பத்து மைல் வேகக் காற்று அடித்தாலே அதுகளால் பறக்க முடிவதில்லை.

பயணப்பெட்டி | 2 மே 2023

டிக்கெட் போட்டாகிவிட்டது, மாற்ற முடியாது. வலை ஆர்டர் செய்துவிட்டேன். மாமனார் "தேனெடுக்கவா போகிறோம்" என்று கேட்கிறார். நாள் எப்படிப் போட வேண்டும்?

உப்பளத்தான் | 3 மே 2023

காலை ஏழு மணிக்குள் வாயிலில் இருங்கள். ஐ-15-இல் 332-ஆம் எக்ஸிட், அங்கிருந்து மேற்கே நேராக. காருக்கு இப்போது, 2023-இல், 15 டாலர். நேஷனல் பார்க் ஆண்டு அட்டையை நீட்டாதீர்கள், இது மாநிலப் பூங்கா, செல்லாது. பெட்ரோல், தண்ணீர், கழிவறை மூன்றையும் சிரக்யூஸிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கரைச்சாலை தீவின் வடமுனையில் ஏறும். எல்லோரும் வலப்பக்கம் திரும்பி பிரிட்ஜர் பே கடற்கரைக்கு ஓடுவார்கள். நீங்கள் அதைப் பிற்பாடு வைத்துக்கொண்டு முதலில் கிழக்குக் கரைச் சாலையில் தெற்கே போங்கள், பதினோரு மைல். காலை வெளிச்சம் அந்தப் பக்கம் விழும். பைசன், ப்ராங்ஹார்ன் (இங்கே ஆண்டிலோப் என்று சொல்லும் மான் போன்ற விலங்கு) இரண்டும் ஊற்றுத் தண்ணீருக்காக அந்தச் சரிவில்தான் மேயும். நன்னீர் ஊற்றுகள் பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான். ஏரி முழுக்கத் தண்ணீர் இருந்தும் ஒரு சொட்டுக் குடிக்க முடியாதே, எங்கே குடிக்கும் என்று மகள் கேட்டால் இதைச் சொல்லலாம்.

சாலை முடியும் இடத்தில் ஃபீல்டிங் கார் பண்ணை. 1848-இல் பச்சை மண் செங்கல்லில் கட்டிய வீடு. மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் மந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஃபீல்டிங் கார் என்பவர் கட்டியது. 1981-இல் மாநிலம் தீவை முழுதாக வாங்கும்வரை அதில் யாராவது குடியிருந்துகொண்டே இருந்தார்கள். ஒரு காலத்தில் இங்கே பத்தாயிரம் ஆடு வரை இருந்திருக்கின்றன, ரோமம் கத்தரிக்கும் கொட்டகை இன்னும் நிற்கிறது. பெரியவர்களுக்கு இந்த இடம்தான். தீவில் உருப்படியான மர நிழல் இங்கே மட்டும்தான் உண்டு. மரத்தில் ஆந்தை இருக்கும், அண்ணாந்து பார்த்தால் அதுவும் உங்களைப் பார்க்கும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள். கடற்கரைப் பக்கம் ஒரு கடை உண்டு, பைசன் பர்கர் போடுவார்கள். சைவத்துக்கு உருளைக்கிழங்கு வறுவலைத் தாண்டி எதிர்பார்க்காதீர்கள். எலுமிச்சை சாதத்தைப் பண்ணை நிழலில் முடித்துக்கொண்டு, திரும்பும்போது பஃபலோ பாயிண்ட் ஏறிப் பார்த்துவிட்டு, கடைசியாக ஏரியில் இறங்குங்கள்.

மிதப்பது பற்றி: ஏரியின், தீவு இருக்கும் தென்பகுதியில் இப்போதைய உப்பு கடல்நீரைப்போல் நாலு மடங்காவது இருக்கும். மல்லாந்து படுத்தால் கால் தானாக மேலே வரும். குப்புற விழுந்தால் எழுவது கஷ்டம், குழந்தைக்குக் கண்ணில் பட்டால் அந்த நாள் அதோடு முடிந்தது. ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கையிலேயே இருக்கட்டும். அன்று சவரம் செய்யாதீர்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஷவர் உண்டு, ஆனால் கரை பின்வாங்கிவிட்டதால் அங்கிருந்து தண்ணீருக்கு நல்ல தூரம் நடக்க வேண்டும். மாமியாரை நடக்க வைக்காதீர்கள்.

உப்பளத்தான் | 3 மே, பிற்பாடு

ஒன்று விட்டுவிட்டேன். பைசன் சாதுவாகத் தெரியும், ஆனால் மணிக்கு 35 மைல் ஓடும். வால் மேலே தூக்கினால் காருக்குள் போய்விடுங்கள். நம் ஆட்கள் சிலர் கூடவே நின்று படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள். ஊர் எருமை என்று நினைப்பு.

பயணப்பெட்டி | 5 ஜூன் 2023

போய்வந்தோம். வலை உயிரைக் காப்பாற்றியது. காலையில் காற்று இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. பண்ணையில் காற்று நின்றதும் வந்துவிட்டன. எலுமிச்சை சாதத்தை வலைக்குள்ளே கையை விட்டுச் சாப்பிட்டோம். மிதந்தது நானும் மகளும் மட்டும். மாமியார் மண்ணை ஒரு பிடி அள்ளி, "இது மண்ணே இல்லை, ரவை மாதிரி இருக்கு" என்றார். உண்மையிலேயே உருண்டை உருண்டையாக இருக்கிறது. அது என்ன?

உப்பளத்தான் | 6 ஜூன் 2023

மாமியாருக்குப் பாராட்டு. பத்து முறை போனவர்களும் அதைக் கவனிப்பதில்லை.

மற்றக் கடற்கரை மணல் பாறை உடைந்து தேய்ந்து வருவது. இது ஏரியிலேயே வளர்ந்தது. நடுவில் ஒரு துணுக்கு இருக்கும், ஒரு தூசி அல்லது தண்ணீரில் வாழும் பொடி இறாலின் புழுக்கை. அலையில் அது உருண்டுகொண்டே இருக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு அதன்மேல் சுற்றிச் சுற்றிப் படிகிறது. அதனால்தான் உருண்டை. புழுக்கை விஷயத்தை மாமியாரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

உப்பளத்தான் | 11 ஜூன் 2023

மேலே ஒருவர் வந்து "மீன்கூட இல்லாத செத்த ஏரிக்கு ஏன் இத்தனை பேச்சு" என்று எழுதிவிட்டு, பிறகு அழித்துவிட்டார். அழித்தாலும் பதில் எழுத வேண்டும்போல இருக்கிறது.

தென்பகுதியில் மீன் இல்லைதான், நன்னீர் வந்து கலக்கும் ஓரங்களைத் தவிர. அதனால்தான் அந்தப் பொடி இறால் இவ்வளவு பெருகுகிறது, தின்ன ஆளில்லை. அந்த இறாலின் பெயர் ஆர்டீமியா. அந்தப் பெயரைச் சொன்னால் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறால் ஹேச்சரி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மரக்காணம் பக்கம் போய் யாரிடமாவது கேளுங்கள். குஞ்சு இறாலுக்கு முதல் உயிர்த்தீனி அதுதான். தகர டின்னில் காய்ந்த முட்டையாக வரும், உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாளில் பொரிந்துவிடும். உலகம் முழுக்க விற்கும் அந்த முட்டையில் பெரும் பங்கு இந்த ஏரியிலிருந்து போவது. இலையுதிர்காலத்தில் தண்ணீர்மேல் செம்பழுப்புக் கோடுகளாக மிதக்கும். சிறு விமானத்தில் பறந்து கோடு எங்கே என்று பார்த்து, படகுக்குச் சொல்லி, எண்ணெய்க் கசிவுக்குப் போடும் மிதவைத் தடுப்பைப் போட்டு வளைத்து அள்ளுகிறார்கள்.

எனக்கு இதில் ஒரு சொந்த விஷயம் உண்டு. என் பெயரைப் பார்த்தால் தெரியும், தூத்துக்குடி. அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. பாத்தித் தண்ணீரில் சிவப்பாகத் துள்ளும் பூச்சியைச் சின்ன வயதில் கையில் அள்ளி விளையாடியிருக்கிறேன். அதுவும் ஆர்டீமியாதான், ஆனால் வேறு வகை. எங்கள் ஊர் உப்பளத்தில் இருப்பது ஆண் இல்லாமலே முட்டையிடும். இங்கே ஆணும் உண்டு. இதைப் படித்தது அமெரிக்கா வந்த பிறகு. ஊரில் இருந்தவரை அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்றே நினைத்ததில்லை.

உப்பளத்தான் | 12 ஜூன் 2023

ஊர்ப் பேச்சு எடுத்ததும் மூன்று தனிச்செய்தி. "ஏரி சிவப்பாக இருக்கும் என்றார்களே, தீவில் இருந்து பார்த்தால் நீலமாகத்தானே இருந்தது" என்று இரண்டு பேர்.

சிவப்பு வடபகுதியில். 1959-இல் ரயில் பாதைக்காகப் பாறையும் மண்ணும் கொட்டி ஏரியைக் குறுக்கே பிரித்துவிட்டார்கள். அதற்கு முன் 1904-இலிருந்து இருந்தது மரக்கால்கள் மேல் போன பாதை, தண்ணீர் அடியில் தாராளமாகப் போய் வந்தது. பேர், வீபர், ஜோர்டான் என்று மூன்று ஆறும் தெற்கே சேர்வதால் வடக்கே போகிற நன்னீர் குறைந்து, உப்பு முற்றிவிட்டது. அங்கே 26, 27 சதவீதம்கூட வரும். அந்த உப்பில் வாழத் தெரிந்த நுண்ணுயிர்களின் நிறம்தான் அது. உப்பு விளையப்போகும் பாத்தியிலும் அதே சிவப்பைப் பார்க்கலாம். அப்பா நிறத்தைப் பார்த்தே எந்தப் பாத்தியில் எப்போது வாரலாம் என்று சொல்லிவிடுவார். இங்கே அந்த மாதிரி நிறம் பார்க்க ஒரு பல்கலைக்கழகமே வேலை செய்கிறது.

இந்த பிப்ரவரியில் அந்த ரயில் கரையில் இருக்கும் திறப்பின் தடுப்பை உயர்த்தினார்கள். வடக்கின் உப்பு தெற்கே வராமல், தெற்கில் ஆர்டீமியா பிழைக்கட்டும் என்று. கூடவே பனியும் கொட்டியது, பிழைத்தது.

உப்பளத்தான் | 20 ஜூலை 2023

மட்டம் நவம்பரிலிருந்து ஐந்தடிக்கு மேல் ஏறி, இப்போது வெயிலுக்கு இறங்கத் தொடங்கிவிட்டது. "ஏரி மீண்டுவிட்டது" என்று அலுவலகத்தில் ஆளாளுக்குச் சந்தோஷப்படுகிறார்கள். ஒரு நல்ல பனிக்காலத்தை வைத்து அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆறுகளிலிருந்து எடுக்கும் தண்ணீரில் பெரும் பங்கு விவசாயத்துக்கு, அதிலும் அதிகம் மாட்டுத் தீவனமான அல்ஃபால்ஃபாவுக்கு. அது மாறவில்லை.

வேடிக்கையைக் கேளுங்கள். 1980-களில் இதே ஏரி தலைகீழாகப் பயமுறுத்தியது. 1986, 87-இல் 4211 அடிக்கு மேல் ஏறியது. நீங்கள் ஓட்டிப்போன கரைச்சாலை தண்ணீருக்குள் போய்விட்டது, 1993 வரை காரில் தீவுக்கு வழியே இல்லை. மாநிலம் ஆறு கோடி டாலர் போட்டுப் பெரிய பம்புகள் வைத்து ஏரித் தண்ணீரை மேற்கே பாலைவனத்தில் இறைத்துக் கொட்டியது. 1987-இல் ஆரம்பித்து 1989-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஏரிக்குத் தண்ணீர் வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள்.

இன்னொன்று. ஃப்ரீமாண்ட், அவருக்கு வழிகாட்டிய கிட் கார்சன் என்ற நிலம் ஆராய வந்த இருவரும் 1845-இல் இந்தத் தீவுக்கு வந்தது படகில் இல்லை, குதிரையில். அன்றும் தண்ணீர் குறைந்த காலம். வந்து ப்ராங்ஹார்னை வேட்டையாடித் தின்றுவிட்டு, அதன் நினைவாகப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த நூறு ஆண்டுக்குள் அந்த விலங்கே தீவில் இல்லாமல் போனது. இப்போது நாம் பார்ப்பது 1993-இல் திரும்பக் கொண்டுவந்து விட்டவற்றின் வம்சம்.

உப்பளத்தான் | 10 செப்டம்பர் 2023

நேற்று ஃப்ரேரி உச்சி ஏறினேன். 6596 அடி, சாலையிலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேல் ஏற்றம், போக மூன்று மைலுக்குக் கொஞ்சம் கூட. நிழல் என்று எதுவுமில்லை. தண்ணீர் எவ்வளவு தேவை என்று நினைக்கிறீர்களோ அதைப்போல இரட்டிப்பாக எடுத்துப் போங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது மோசம்.

பாதி வழியில் மூச்சு வாங்க நிற்கும்போது சரிவில் படிப்படியாகக் கோடு தெரியும். போனவில் என்ற பழைய ஏரியின் கரைகள் அவை. பனியுகக் கடைசியில் இங்கே ஆயிரம் அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. ஐடஹோ பக்கம் கரை உடைத்துக்கொண்டு ஓடியது போக மிச்சம் சுண்டியதுதான் இன்றைய ஏரி. காலடிப் பாறையின் வயது 170 கோடி ஆண்டுக்கு மேல். இந்த எண்ணெல்லாம் என் மண்டையில் ஏறுவதில்லை. ஏறியது ஃப்ரேரி குடும்பத்தின் கதைதான். 1891-இல் குழந்தைகளோடு தீவில் வந்து குடியேறியவர்கள். 1897-இல் அந்த அம்மாவுக்குக் குடல்வால் அழற்சி, இங்கேயே இறந்து இங்கேயே புதைத்திருக்கிறார்கள். உச்சியில் நின்றால் எதிரே வாசாட்ச் மலையடியில் ஆஸ்பத்திரிக் கட்டடங்கள்கூடத் தெரிகின்றன. அப்போதும் ஊர் இருந்தது அதே தூரத்தில்தான்.

செப்டம்பரில் கடிப்பூச்சி இல்லை என்று ஏப்ரலில் எழுதினேன், சரிதான். ஆனால் பார்வையாளர் மையத்தைச் சுற்றிப் புதரில், வேலியில் எங்கே பார்த்தாலும் சிலந்தி. பெரிது, வலை பின்னுவது, மனிதரை ஒன்றும் செய்யாது. ஆகஸ்டில் அதற்கென்றே ஒரு விழா வைக்கிறார்கள் பூங்காக்காரர்கள். சிலந்தி என்றால் ஓடுபவர்கள் அக்டோபருக்குத் தள்ளிப் போடுங்கள்.

பயணப்பெட்டி | 2 அக்டோபர் 2023

மகள் வகுப்பில் பைசன் பற்றிப் பேசப்போகிறாளாம். அந்தத் தீவுக்கு அது எப்படி வந்தது என்று கேட்கிறாள். நீந்தி வந்ததா?

உப்பளத்தான் | 3 அக்டோபர் 2023

நீந்தத் தெரியும், ஆனால் இங்கே படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். 1893-இல் பன்னிரண்டே பன்னிரண்டு. அப்போது அமெரிக்கா முழுக்க பைசனை ஏறக்குறைய ஒழித்துக்கட்டிவிட்டிருந்தார்கள். பாதுகாக்கும் எண்ணத்தில் ஒன்றும் கொண்டுவரவில்லை, வியாபாரம், வேட்டை. அப்படியும் மிஞ்சிப் பெருகி இன்று 500-லிருந்து 700 வரை வைத்திருக்கிறார்கள். தீவின் புல் அதற்குமேல் தாங்காது, தின்ன ஓநாயும் இல்லை. அதனால் ஒவ்வோர் அக்டோபர் கடைசியிலும் குதிரைக்காரர்கள் கூடி மந்தையை வடக்கே ஓட்டிவந்து பட்டியில் அடைக்கிறார்கள். தடுப்பூசி போட்டு, உடம்பைப் பார்த்து, கூடுதலாக இருப்பதை ஏலம் விடுவார்கள். இதைப் பார்க்க நானும் போகிறேன்.

உப்பளத்தான் | 29 அக்டோபர் 2023

போய் வந்தேன். சினிமாவில் வருவதுபோல் ஓட்டம் எதிர்பார்க்காதீர்கள். முக்கால்வாசி நேரம் தூரத்தில் கறுப்புப் புள்ளிகள் நகரும், நாம் குளிரில் காபி குடித்துக்கொண்டு நிற்போம். குதிரைக்காரர்கள் கத்துவதுகூட இல்லை, மெதுவாகப் பின்னாலேயே வருகிறார்கள். அவசரப்படுத்தினால் மந்தை சிதறும், திரும்பச் சேர்க்க அரை நாள் ஆகும் என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். கிட்டே வந்து சரிவில் இறங்கும் அந்தக் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் தரை அதிர்கிறது. அதற்காக மறுபடி போவேனா என்றால், போவேன், தடித்த காலுறையோடு. சின்னக் குழந்தையோடு வருபவர்களுக்கு அன்றைவிட அடுத்த வாரம் மேல். பட்டியில் வேலை நடக்கும்போது கிட்டத்தில் தெரியும், நிற்கும் நேரமும் குறைவு.

உப்பளத்தான் | 14 ஜனவரி 2024

தனிச்செய்தியில் வரும் கேள்விகளுக்கு இங்கேயே பதில் போட்டுவிடுகிறேன், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

குளிர்காலத்தில் திறந்திருக்கிறது. பூச்சி அறவே இல்லை, ஆள் இல்லை, கய்யோட்டிகள் (ஓநாயைவிடச் சிறிய, அதே இன விலங்கு) பகலிலேயே சாலையைக் கடக்கும். நகரத்தில் புகைமூட்டம் நாள் கணக்கில் அடைத்துக்கொள்ளும்போது சில சமயம் தீவின் மேட்டில் ஏறினால் அதற்கு மேலே வந்துவிடலாம்.

பஸ் கிடையாது. வாடகைக் கார்தான். உப்பு நீரில் நனைந்த காலோடு ஏறினால் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யக் காசு கேட்பார்கள், என்னிடம் கேட்டார்கள். பழைய துண்டு ஒன்றை சீட்டில் விரித்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திரம் பார்க்க: 2017-லிருந்து இருண்ட வானப் பூங்கா என்ற அங்கீகாரம் இருக்கிறது. ஆனால் கிழக்கே நகர வெளிச்சம் கண்ணை அடிக்கும், மேற்குப் பக்கம் ஒயிட் ராக் பே போய்விடுங்கள். இரவு பத்துக்கு வாயில் மூடிவிடும், தங்குவதானால் முன்பதிவு வேண்டும்.

மே மாதம் வரலாமா என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம்.